நடுவில் ஒரு கிண்ணம்

நாங்கள் சைகோனுக்குக் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 1976 முதல் இந்த ஊரின் அதிகாரப்பூர்வமான பெயர் ஹோ சி மின் நகரம். ஆனாலும் எங்கள் சந்தில் எல்லோர் வாயிலும் சைகோன்தான். பின் தான் பகுதியில், இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து அது. மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரப் பாட்டி. அவரை நான் ‘பா தூ’ என்று அழைக்கிறேன். பா என்றால் பாட்டி, தூ என்றால் நான்கு. தெற்கு வியட்நாமில் தலைச்சன் பிள்ளையை இரண்டு என்று வைத்துத்தான் எண்ணத் தொடங்குவார்கள். ஆகவே நாலாம் பாட்டி மூன்றாவதாகப் பிறந்தவர். தென்னைக்குப் பேர்போன பென் ட்ரே பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் பேசும்போது என்னை நான் ‘கோன்’, அதாவது ‘பிள்ளை’, என்று சொல்லிக்கொள்ள வேண்டும். பெரியவர்களிடம் மொட்டையாக ‘நான்’ என்று தொடங்க முடியாது. யாருக்கு யார் என்ன முறை என்று தெரிந்த பிறகுதான் பேச்சே ஓடும். அத்தை, சித்தி என்று முறை வைத்தே பேசிப் பழகிய எனக்கு இது முதல் நாளிலிருந்தே இதமாக இருந்தது.

வியட்நாம் சமையலைப் பற்றி என்னிடம் கேட்கிற தோழிகள் எல்லோரும் ஃபோவில்தான் தொடங்குகிறார்கள். “அந்த நூடுல்ஸ் சூப்பை எப்படி வைப்பது?” என்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். ஃபோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே ஒரு சிறிய கிண்ணம் இருக்கும், அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அது பிடிபடாவிட்டால் மற்றது எதுவும் பிடிபடாது. எனக்கு அது பிடிபட ஓராண்டு ஆனது.

வந்த புதிதில் பா தூ எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். தரையில் பாய் விரித்து, வட்டத் தாம்பாளத்தில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். வெந்நீரில் வாட்டிய வள்ளைக்கீரை. அந்தக் கீரை வெந்த தண்ணீரிலேயே எலுமிச்சை பிழிந்து ஒரு சூப். பொரித்த பனையேறிக் கெண்டை. வெறும் சோறு. கீரையை எடுத்து வாயில் போட்டேன், உப்பில்லை. சூப்பிலும் இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. உடம்பு சரியில்லாதவர்களுக்கு வைக்கிற பத்தியச் சாப்பாடு போல இருக்கிறதே என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன். நடுவில் இருந்த கிண்ணத்தை நான் தொடவில்லை. அதில் எல்லோரும் தங்கள் குச்சிகளால் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எச்சில் பார்த்து வளர்ந்த கை, அந்தப் பக்கம் நீளவே இல்லை.

பா தூ அதைக் கவனித்திருக்கிறார். அடுத்த முறை போனபோது பெரிய கிண்ணத்துக்கு அருகில், என் சோற்றுக் கிண்ணத்தை ஒட்டி, இன்னொரு குட்டிக் கிண்ணம் இருந்தது. எனக்கு மட்டும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதில் கீரையைத் தோய்த்து எடுத்தேன். உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் எல்லாம் ஒன்றாக நாக்கில் ஏறின. அப்போதுதான் அந்தக் கீரைக்கு ஏன் உப்பு போடவில்லை என்பது விளங்கியது.

நம் சமையலில் அடுப்பை அணைக்கும்போது குழம்பு முடிந்துவிடுகிறது. உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்பதைச் சமைப்பவர் தீர்மானித்துவிடுகிறார். தாளித்துக் கொட்டி மூடிவிட்டால் அதற்குமேல் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. இங்கே அடுப்பை அணைக்கும்போது பாதி வேலைதான் ஆகியிருக்கும். மிச்சத்தைச் சாப்பிட உட்காருகிறவர் செய்துகொள்ள வேண்டும். எவ்வளவு தோய்ப்பது, எந்தத் தழையைச் சேர்ப்பது, மிளகாயை விடுவதா எடுப்பதா என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சிறு முடிவு. அதனால்தான் தட்டில் இருப்பது மட்டும் சப்பென்று தெரிகிறது.

கிண்ணத்தின் அடிப்படை மீன்சாறு. ‘நுவோக் மாம்’ என்பார்கள். பெயரைக் கேட்டு மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது நெத்திலியும் உப்பும்தான். நெத்திலிக் கருவாட்டை வறுத்துச் சாப்பிட்டவர்களுக்கு அந்த வாசனை அந்நியமானதல்ல. ஃபூ குவோக் தீவில் பெரிய மரத்தொட்டிகளில் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் அடுக்கி, ஏறக்குறைய ஓராண்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். மீன் தானாகக் கரைந்து, தேன் நிறத்தில் சாறு இறங்குகிறது. 2012ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஃபூ குவோக் மீன்சாற்றுக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது. ஃபான் தியெத் கடற்கரையிலும் இந்தத் தொழில் பழையது. கடையில் பாட்டிலை எடுத்தால் ஓர் எண் போட்டிருக்கும்: 30, 35, 40 என்று. ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் இருக்கிறது என்பதன் அளவு அது. எண் ஏற ஏறப் புரதம் அதிகம், சுவை அழுத்தம். நான் தொட்டுக்கொள்ள 40, சமைக்க 30 வாங்குகிறேன். பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் மீனும் உப்பும் மட்டும் இருந்தால் நல்லது. பட்டியல் நீண்டுகொண்டே போனால் வைத்துவிடுவேன்.

பா தூ கிண்ணம் கலக்கிற விதத்தை நான் எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு கரண்டிச் சர்க்கரை. அதன்மேல் நான்கு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். அன்றைக்கு இளநீர் வெட்டியிருந்தால் தண்ணீருக்குப் பதில் இளநீர். சர்க்கரை முழுதும் கரையும்வரை கலக்குவார், அடியில் ஒரு மணி கூட நிற்கக் கூடாது. பிறகு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு. விதையை எடுத்துவிட்டு ஊற்றுவார். பிறகுதான் ஒரு கரண்டி மீன்சாறு. இப்போது ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். சுவையில் ஏதோ குறைந்தால் எலுமிச்சையில்தான் கை வைப்பார், மீன்சாற்றில் அல்ல. கடைசியில் பூண்டும் சிவப்பு மிளகாயும். இரண்டையும் அரைக்க மாட்டார், பொடியாக நறுக்குவார். அவற்றைக் கடைசியில் போடுவதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் மிதக்கும். முதலிலேயே போட்டுக் கலக்கினால் பூண்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தேன் நிறத் தண்ணீரின்மேல் வெள்ளையும் சிவப்புமாகத் துணுக்குகள் மிதக்க வேண்டும். பூண்டு மூழ்கிய கிண்ணத்தை அவர் தாம்பாளத்தில் வைக்கவே மாட்டார்.

எல்லாவற்றுக்கும் ஒரே கிண்ணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. வேகவைத்த கோழிக்கு உப்பும் மிளகுத்தூளும் எலுமிச்சையும். வாத்துக்கு இஞ்சி இடித்துப் போட்ட மீன்சாறு. பச்சைத் தழைகளை அரிசித்தாளில் சுருட்டிய கோய் குவோனுக்கு வேர்க்கடலை தூவிய கெட்டியான சோயா விழுது. எந்தப் பண்டத்துக்கு எந்தக் கிண்ணம் என்பது இங்கே வடைக்குச் சட்னி, புட்டுக்குக் கடலை என்பது போன்ற உறுதியான ஏற்பாடு. கிண்ணத்தை மாற்றி வைத்தால் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இனிச் சமையலுக்கு வருகிறேன். வீட்டில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவை என்று இரண்டைச் சொல்வேன். மேகோங் கழிமுகத்துக் குடும்பங்களில் சேர்ந்தே வைக்கப்படுகிற ஜோடி அது: கான் சுவா, கா கோ தோ. முதலாவது புளி சூப், இரண்டாவது மண்சட்டியில் வற்றவைத்த மீன். ஒன்று தண்ணீராக, புளிப்பாக. மற்றது கெட்டியாக, உப்பும் இனிப்புமாக. இரண்டுக்கும் நடுவில் சோறு.

கான் சுவாவைப் பார்த்ததும் இது நமக்குத் தெரிந்ததுதானே என்று நினைத்தேன். புளி, தக்காளி, வெண்டைக்காய். மீனும் விரால்தான். வயல் சார்ந்த ஊர்களில் விரால் குழம்பு வைக்காதவர்கள் யார்? உடனே கை பழக்கத்தில் மஞ்சள்தூளும் சீரகமும் போட்டேன், கடைசியில் கடுகு தாளித்துக் கொட்டினேன். கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். பா தூ இரண்டு கரண்டி குடித்துவிட்டு, “நன்றாக இருக்கிறது. இது உன் ஊர் சூப்” என்றார். பிறகு எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு தழைக்கொத்தைக் கொண்டுவந்து என் மூக்கருகில் கசக்கிக் காட்டினார். சீரக வாசனை! எலுமிச்சை மணம் மேலாக, அடியில் அழுத்தமான சீரகம். நெல்வயல் ஓரத்துச் சேற்றில் வளர்கிற தழை அது. பெயர் ‘ஙோ ஓம்’. தமிழில் சொல்லின் முதலில் வர இடமே கிடைக்காமல் அரிச்சுவடியில் உட்கார்ந்திருக்கிற ங, இங்கே சந்தைக்குச் சந்தை கூப்பிடப்படுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த ஒரு தழைதான் எனக்குப் பாடம் சொன்னது. நாம் காய்ந்த விதையைச் சூடான எண்ணெயில் பொரித்து எடுக்கிற மணத்தை, அவர்கள் பச்சைத் தழையைக் கடைசி நிமிடத்தில் கிள்ளிப் போட்டு எடுக்கிறார்கள். நான் போட்ட சீரகம் தவறான வாசனையல்ல, அதை எடுத்த வழிதான் வேறு.

சரியான முறையை எழுதிவிடுகிறேன். எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரைக் கிலோ விரால் துண்டுகளைப் போட்டு, நுரையை எடுத்துக்கொண்டே வேகவிட வேண்டும். வெந்ததும் மீனை வெளியே எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உடைந்துபோகும். மீன் வெந்த தண்ணீரில் புளிக்கரைசல், அன்னாசித் துண்டுகள், தக்காளி, வெண்டைக்காய். சேம்பு இனத்துத் தண்டு ஒன்றைத் தோல் சீவி, சாய்வாக நறுக்கிப் போடுவார்கள். பஞ்சு போல் துளைதுளையாக இருக்கும், புளித்தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கடிக்கும்போது வாயில் விடும். இரண்டு கரண்டிச் சர்க்கரை, இரண்டு கரண்டி மீன்சாறு. தெற்கத்திச் சமையலில் இனிப்பு தூக்கலாகத்தான் இருக்கும், அதற்குத் தயங்க வேண்டாம். இறக்குவதற்கு முன் ஒரு கைப்பிடி நீளமான பயறு முளை. அடுப்பை அணைத்த பிறகு ஙோ ஓம் தழையும், ரம்பப் பல் ஓரம் கொண்ட கொத்தமல்லி இனத் தழையான ஙோ காயும் நறுக்கித் தூவி, பொன்னிறமாகப் பொரித்த பூண்டை மேலே போட வேண்டும். தட்டில் எடுத்துவைத்த மீன்மேல் கொஞ்சம் மீன்சாறும் மிளகாயும். அதைத் தனியே தொட்டுச் சாப்பிட வேண்டும்.

கா கோ தோ இன்னும் கவனம் கேட்கும். அதன் உயிர் எரித்த சர்க்கரையில் இருக்கிறது. ‘நுவோக் மாவ்’ என்பார்கள், ‘நிறத் தண்ணீர்’ என்று பொருள். மண்சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய், இரண்டு கரண்டிச் சர்க்கரை, சிறு தீ. முதலில் சர்க்கரை உருகி ஓரத்தில் பொன்னிறமாகும். பிறகு தேன் நிறம், பிறகு செம்பு நிறம். அதற்கடுத்து வருகிற நிறத்துக்கு இங்கே ‘கரப்பான் இறக்கை நிறம்’ என்றே பெயர். சிவப்பு ஏறிய, பளபளக்கிற பழுப்பு. அந்த நிறத்தில் நிறுத்த வேண்டும். பத்து நொடி தாண்டினால் கருகிக் கசந்துவிடும், பத்து நொடி முந்தினால் வெறும் இனிப்பு. நான் மூன்று சட்டி சர்க்கரையைக் கருக்கிய பிறகுதான் கண் பழகியது. பா தூ பக்கத்தில் நின்றார், ஆனால் “இப்போது” என்று ஒருமுறை கூடச் சொல்லவில்லை. சட்டியிலிருந்து வருகிற வாசனை திரும்புவதை நானே பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தார் என நினைக்கிறேன். உண்மையில் நிறத்துக்கு ஒரு மூச்சு முன்னால் வாசனைதான் மாறுகிறது. மிட்டாய் வாசனை போய், லேசான கசப்பு மூக்கில் ஏறும். அந்தக் கணத்தில் மீனைப் போட்டுவிட வேண்டும்.

மீனை அரை மணி நேரம் முன்பே மூன்று கரண்டி மீன்சாறு, ஒரு கரண்டிச் சர்க்கரை, நசுக்கிய சின்ன வெங்காயம், நிறைய மிளகுத்தூள் சேர்த்து ஊறவைத்திருப்போம். கெளுத்தியோ விராலோ, தடித்த துண்டுகளாக இருக்க வேண்டும். சட்டியில் அடுக்கி, மூழ்கும் அளவுக்கு இளநீர் ஊற்றி, முழு மிளகாய் இரண்டைப் போட்டு, மிகச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். கரண்டி விட்டுக் கிளறக் கூடாது. சட்டியை இரு கையாலும் பிடித்து ஆட்டிவிட வேண்டும், நம் மீன்குழம்புக்கு ஆட்டுவது போலவே. குழம்பு வற்றி மீனில் ஒட்டிக்கொள்ளும்போது மறுபடியும் மிளகு. இங்கே மிளகில் கஞ்சத்தனம் கிடையாது. உலகிலேயே அதிகமாக மிளகு ஏற்றுமதி செய்கிற நாடு வியட்நாம்தான்.

பா சியூ சந்தையில் தழை விற்கிற பெண்மணியிடம் நான் கற்றதும் கொஞ்சமல்ல. பத்தாயிரம் தோங் கொடுத்தால் நாலைந்து தழைகளைக் கலந்து ஒரு கட்டு தருவார். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அது பிழை. ஊதா நிறத் ‘தியா தோ’ இலைக்குச் சற்றே சோம்பும் மண்ணும் கலந்த மணம், அது கத்திரிக்காய்க்கும் நத்தைக்கும் போகும். ‘ராவ் ராம்’ நாக்கைச் சுடும், கோழிக்கு அதுதான். ‘தியெப் கா’ என்ற இதய வடிவ இலை பச்சை மீன் போலவே நாறும். அதை மட்டும் இந்த ஆறு ஆண்டுகளில் என்னால் விரும்ப முடியவில்லை. என் மகள் விரும்பிச் சாப்பிடுகிறாள். இங்கே வளர்கிற பிள்ளை.

ஃபோவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான் மாட்டிறைச்சியும் பன்றியும் சாப்பிடுவதில்லை, ஆகவே எனக்குக் கோழி ஃபோ. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே ஹனோய், நாம் தின் வட்டாரத்தில் உருவானது ஃபோ. 1954இல் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே வந்தார்கள். அவர்களோடு ஃபோவும் சைகோனில் பரவியது. தெற்குக்கு வந்ததும் தெற்கத்தி வழக்கமும் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒரு தட்டு நிறையத் துளசி இனத் தழை, பயறு முளை, எலுமிச்சை, இனிப்புச் சோயா விழுது, மிளகாய் விழுது. சைகோனில் பழகிய நான் ஹனோய்க்குப் போனபோது ஒரு சிறு கடையில் தழைத்தட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை. பூண்டு ஊறிய காடியும் கொஞ்சம் மிளகாயும்தான் மேசையில் இருந்தன. வேறு வழியில்லாமல் சாற்றை அப்படியே குடித்தேன். தெளிவாக, மெதுவாகத் தொண்டையில் இறங்கி, கடைசியில் பட்டையும் அன்னாசிப்பூவும் எங்கோ தூரத்தில் தெரிந்தன. அந்தச் சாற்றின்மேல் விழுதைக் கொட்டக் கூடாது என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து சைகோனிலும் முதல் ஐந்து கரண்டியை எதுவும் சேர்க்காமல்தான் குடிக்கிறேன்.

அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கருப்பு ஏலக்காய், மல்லி. சாமான்களைப் பார்த்தால் பிரியாணி. ஆனால் எண்ணெயில் பொரிப்பதில்லை. வெறும் வாணலியில் வாட்டி, துணியில் முடிந்து, எலும்பு கொதிக்கிற தண்ணீரில் மிதக்கவிட்டு, மணம் இறங்கியதும் எடுத்துவிடுகிறார்கள். இஞ்சியையும் வெங்காயத்தையும் தணலில் கருகச் சுட்டுத் தோலை உரித்துப் போடுகிறார்கள். வீட்டில் செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் எங்கள் சந்தில் யாரும் வீட்டில் ஃபோ வைத்து நான் பார்த்ததில்லை. காலையில் முனைக்கடையில் அறுபதாயிரம் தோங் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். நாள் முழுதும் எலும்பு வேகிற அந்தப் பெரிய அண்டாவின் சாறு நாலு பேர் வீட்டுப் பாத்திரத்தில் வராது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

வீட்டில் செய்து பார்க்க எங்கள் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது பான் கோட்தான். சைகோனிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, வுங் தாவ் கடற்கரையில் அதற்குப் பேர். அங்கே அடுப்பில் இருந்த கல்லைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். குழிக்குழியாக, கறுப்பாக, பணியாரக் கல்! மாவு மட்டும் புளிக்காதது. அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து தண்ணீராகக் கரைத்து, குழி நிறைய எண்ணெய் விட்டு ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஓர் இறாலை வைத்து மூடுகிறார்கள். திருப்புவதே இல்லை. அடி முறுகலாக, மேல் மெத்தென்று வரும்போது எடுத்து, கடுகுக்கீரை இலையில் தழைகளோடு சுருட்டி, கிண்ணத்தில் தோய்த்துத் தின்ன வேண்டும். இதே மாவைத் தோசை போல் பெரிதாக வார்த்து மடித்தால் பான் ஸெயோ. கல்லில் மாவு விழும்போது எழுகிற ஓசைதான் ‘ஸெயோ’.

என் மாமியார் மூன்று மாதம் எங்களோடு வந்து தங்கியிருந்தார். சுத்த சைவம். வெளியே சாப்பிட என்ன செய்வது என்று எனக்குக் கவலை. ஆனால் வந்த இரண்டாம் வாரமே பௌர்ணமி. இங்கே சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பலரும் ‘சாய்’ சாப்பிடுவார்கள், அதாவது சைவம். நம் அமாவாசை, பௌர்ணமி கணக்கேதான். அன்று பா தூ வெங்காயம், பூண்டு இரண்டும் சேர்க்க மாட்டார். வைக்கோல் காளானும் டோஃபுவும் போட்டு கான் சுவா, பலாக்காய் வறுவல், அன்னாசியும் உப்பும் கொண்டு செய்த சைவச் சாற்றில் ஒரு கிண்ணம். அத்தை, “வெங்காயம் கூடப் போடவில்லையா?” என்று மூன்று முறை என்னிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஆனாலும் சாப்பிட்டு முடித்த பிறகு பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது, நான் நடுவில் மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன். பலாப்பழம் சூடு என்று அத்தை சொல்ல, துரியன் அதைவிடச் சூடு என்று பா தூ சொன்னார். உடம்பு சூட்டுக்கு என்ன என்று அத்தை கேட்டதும், பா தூ உள்ளே போய் ஒரு டம்ளர் பச்சைச் சாற்றோடு வந்தார். அத்தை ஒரு வாய் குடித்ததுமே “வல்லாரை!” என்றார். சைகோன் தெருக்களில் கோடை முழுதும் வல்லாரைச் சாறு விற்கும். வாத்து குளிர்ச்சி, அதனால்தான் அதற்கு இஞ்சிக் கிண்ணம் என்பதும் அன்றைய பேச்சில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது ருசிக்காக என்றே நினைத்திருந்தேன்.

அத்தை ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ட்ரூங் தின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. இன்று கூட்டம் கூட்டமாக வந்து ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்கள் வியட்நாம் மக்கள். அந்தக் காலத்தில் செட்டிநாட்டிலிருந்தும் புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் வந்தவர்கள் இன்று அதிகம் இல்லை, ‘கா ரி’ என்ற சொல் மட்டும் எல்லா வீட்டு அடுப்பிலும் இருக்கிறது. கோழி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, எலுமிச்சைப்புல், தேங்காய்ப்பால், கொஞ்சமாக மசாலாத்தூள். காரம் மெலிது. அதை ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நம் கறியோடு ஒப்பிட்டு அதை எடைபோடுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அது இந்த மண்ணின் பண்டம், இதன் கணக்கில்தான் சுவைக்க வேண்டும்.

டெட் புத்தாண்டின்போது தெற்கே பாகற்காயில் இறைச்சி அடைத்து சூப் வைப்பார்கள். பாகற்காய்க்கு இங்கே ‘கோ குவா’ என்று பெயர். ‘கோ’ என்றால் துன்பம், ‘குவா’ என்றால் கடந்துபோவது. ஆண்டின் முதல் நாளில் கசப்பைக் குடித்து, கஷ்டம் கடந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்காக ஒரு பாகற்காயில் மட்டும் டோஃபுவும் காளானும் அடைத்து, அடையாளத்துக்கு வெங்காயத் தாளால் கட்டியிருப்பார் பா தூ.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்தேன். கான் சுவா, கா கோ தோ, வாட்டிய வள்ளைக்கீரை. கிண்ணமும் நானே கலக்கினேன். என் குட்டிக் கிண்ணம் தாம்பாளத்தை விட்டுப் போய் எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது நினைவில்லை. ஒருநாள் பா தூ அதை வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை, குச்சி தானாக நடுவுக்குப் போனது. ஞாயிறன்று உட்கார்ந்ததும் என் மகள் முதலில், “கோன் மோய் பா ஆன் கோம்” என்றாள். பாட்டி, சாப்பிடுங்கள் என்று சின்னவர்கள் பெரியவர்களை அழைத்த பிறகுதான் இங்கே குச்சியை எடுப்பார்கள். பா தூ கிண்ணத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். பூண்டு மிதந்துகொண்டிருந்தது. கீரையைத் தோய்த்துச் சாப்பிட்டார், மறுபடியும் தோய்த்தார்.

மீன் தீர்ந்த பிறகு மண்சட்டியை யாரும் கழுவப் போடவில்லை. அவர் அதைத் தன் பக்கம் இழுத்து, மிச்சமிருந்த சோற்றை அதற்குள் போட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்த கரப்பான் இறக்கை நிறப் பசையெல்லாம் சோற்றில் ஏறும்வரை கரண்டியால் வழித்து வழித்துப் பிரட்டினார். பிறகு பாதியை என் கிண்ணத்தில் போட்டார்.